முரசுக்குள் யார்?

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு எழுதும் பதிலைப் பத்திரிகையிலேயே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "போடுங்க மாமா, பேரை மட்டும் எடுத்துடுங்க. லைன் லீடர் படிச்சா வம்பு" என்றாய். எடுத்துவிட்டேன். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிற ஒரு பெண், விடுதித் தோழிகள் 32 பேரை வைத்து போனிலேயே ஒரு குறும்படம் எடுக்கப் போகிறாள். வாசகர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கையில் கிடந்தபடி 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பார்த்தாய். ஒரே வாரத்தில் ஏழு தடவை. இப்போது அதே மாதிரி நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்து, மேலே உன் தோழிகளை யூனிஃபார்மோடு ஆடவிட வேண்டும் என்கிறாய். அந்தக் காலத்தில் அதை எப்படி எடுத்தார்கள் என்பது உன் முதல் கேள்வி. வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்துவிடலாமா என்பது இரண்டாவது.

முதலில் பீப்பாய். பழைய பீப்பாய் விற்கிறவன் "நல்லா கழுவியாச்சும்மா" என்பான். நம்பாதே. அதற்குள் என்ன ரசாயனம் இருந்ததென்று அவனுக்கே தெரியாது. மூடியும் ஆள் பாரம் தாங்கச் செய்ததல்ல. ஒருத்தி குதித்தால் கால் உள்ளே போய்விடும். உங்கள் ஊர் ஆசாரியிடம் சொல்லி மரப்பலகையில் மேடை அடித்து, முன்பக்கம் மட்டும் நீலத் தகடு வளைத்து ஒட்டு. கேமராவுக்குத் தெரியப்போவது முன்பக்கம்தான். 'சந்திரலேகா'வை எடுத்த ஜெமினி ஸ்டூடியோவிலும் கலை இயக்குநர் ஏ.கே. சேகர் முரசு வாங்கக் கடைக்குப் போகவில்லை.

சரி, முரசுக்கு வருகிறேன். நீ போனில் பார்த்தது நடனத்தை மட்டும். முழுப் படத்தையும் பார்த்தாயா? பார்த்திருந்தால் உன் கடிதத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருப்பாய். அரசைப் பறித்துக்கொண்ட தம்பி சசாங்கன் சந்திரலேகாவைக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கிறான். அவள் சம்மதிக்கிற மாதிரி நடித்து, கல்யாணத்தில் முரசு நடனம் வேண்டும் என்கிறாள். அரண்மனை முற்றத்தில் ராட்சத முரசுகள் வந்து நிற்கின்றன. மேலே பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளைப் பிளந்துகொண்டு அண்ணன் வீரசிங்கனின் வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். அத்தனை பெரிய ஆட்டமும் அந்த ஒரு நொடிக்காகக் காட்டிய கண்கட்டு. கதை தெரிந்தவன் மேலே ஆடும் கால்களைப் பார்க்கும்போதே, அடியில் மூச்சை அடக்கிக் குந்தியிருப்பவனையும் நினைத்துக்கொள்வான். நடனத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் மிஞ்சுவது அழகு ஒன்றுதான், திகில் போய்விடும்.

இப்போது சொல், உன் நீலப் பீப்பாய்க்குள் யார் இருக்கிறார்கள்?

இதற்குப் பதில் கிடைக்கும்வரை கேமராவைத் தொடாதே. ஜெமினியிலும் பதில் எளிதில் கிடைத்துவிடவில்லை. தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசன் முதலில் தலைப்பைத்தான் அறிவித்தார். கதை கையில் இல்லை. ஜெமினியின் கதை இலாகா மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தது. ஒன்றும் தேறவில்லை. பொறுமையிழந்த வாசன், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஔவையா'ரைத் தொடங்கலாம் என்ற நிலைக்கே வந்துவிட்டார். அப்போது கதை இலாகாவில் இருந்த வேப்பத்தூர் கிட்டு, ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய பழைய நாவல் ஒன்றின் முதல் அத்தியாயத்தைப் பிடித்தார். இருட்டில் ஒரு கொள்ளைக்காரன் வண்டியை மறித்து, உள்ளே இருந்த பெண்ணை ஆடச் சொல்கிறான். இவ்வளவுதான் விதை. மற்றதெல்லாம் இங்கே முளைத்தது.

ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடம் உனக்குத் தெரியும். அண்ணா மேம்பாலத்தை இன்னமும் எல்லோரும் ஜெமினி மேம்பாலம் என்றுதானே சொல்கிறோம். தீ விபத்துக்குள்ளான பழைய ஸ்டூடியோ ஒன்றை 1941-இல் ஏலத்தில் எடுத்து வாசன் உண்டாக்கியது அது. தச்சுப் பட்டறை, தையல், மேக்கப், கதை, சங்கீதம் என்று இலாகா இலாகாவாகப் பிரித்து, ஆட்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். எழுத்தாளர் அசோகமித்திரன் பின்னாளில் அங்கே வேலை பார்த்தவர். அவர் எழுதியதைப் படித்தால் கலைக்கோயில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆபீஸ்தான் தெரியும். உன் கம்பெனியிலிருந்து அது ரொம்பத் தூரமில்லை என்கிறேன். "தொழிற்சாலையில் இருக்கிறவளுக்கு எங்கே சினிமா வரும்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் திருப்பி அனுப்புகிறேன்.

1940-களின் நடுவில் தொடங்கிய படம் 1948 ஏப்ரல் 9 அன்றுதான் வெளியாயிற்று. நடுவில் இயக்குநர் டி.ஜி. ராகவாச்சாரி விலகினார். வாசனே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார், அதற்குமுன் அவர் ஒரு படத்தையும் இயக்கியதில்லை. ஒளிப்பதிவு செய்த கே. ராம்நாத்தும் போய்விட, கமல் கோஷ் முடித்தார். ஹாலிவுட்டின் 'கான் வித் தி விண்ட்' படமும் ஜார்ஜ் குக்கர், விக்டர் ஃபிளெமிங், சாம் வுட் என்று மூன்று பேர் கைமாறித்தான் 1939-இல் வந்தது. ஆள் மாறினாலும் படம் ஒன்றாக நின்றதென்றால், கணக்குப் புத்தகமும் தயாரிப்பாளரின் பிடிவாதமும் மாறவில்லை என்று அர்த்தம். இது என் அனுமானம். முப்பது வருஷம் புரொடக்‌ஷனில் குப்பை கொட்டியவனின் அனுமானம்.

ராம்நாத் எடுத்த ஒரு ஷாட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. படத்தில் சர்க்கஸ் வருகிறது. அதற்காகக் கிட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்க்கஸ்களைப் போய்ப் பார்த்து, கடைசியில் கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் கொண்டுவந்தார். உயரத்தில் பார் விளையாடப்போகும் சந்திரலேகா, கீழே முன்வரிசையில் வில்லனின் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிடுகிறாள். அவளுடைய அதிர்ச்சியை நமக்குக் காட்ட, கேமரா அவளிடமிருந்து அவனை நோக்கி விருட்டென்று பாய வேண்டும். உன் போனில் இரண்டு விரலை விரித்தால் முடிந்தது. அன்று இங்கே ஜூம் லென்ஸ் கிடையாது. ராம்நாத் கேமராவைக் கிரேனில் ஏற்றினார். அத்தனை கனத்தையும் வேகமாக இறக்க வேண்டும், ஃபோகஸும் கூடவே ஓட வேண்டும், சரியான இடத்தில் குலுங்காமல் நிற்கவும் வேண்டும். நெடுநேரம் ஒத்திகை பார்த்துவிட்டு, 20 டேக் எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தாராம். கிட்டுவே சொன்ன தகவல் இது. உங்கள் லைனில் இருபதுக்குப் பத்தொன்பது ரிஜெக்ட் என்றால் என்ன நடக்கும்? ராம்நாத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பத்தொன்பதுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடப்பட்டது. நீயும் அப்படிப் போடு. உன்னிடம் பிலிம் செலவில்லை, தோழிகளின் தூக்கம்தான் செலவு.

கிரேன் என்றதும் இன்னொன்று. பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குத்தானே போகும்? அந்தச் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில், 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். பாதுகாப்பு விஷயத்தில் சினிமாக்காரர்களான எங்களைவிட நீங்கள் மேல். உன் கம்பெனி வாசலில் விபத்தில்லாத நாட்களை எழுதிவைக்கும் பலகை இருக்கும். மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றால் திட்டுவார்கள். அந்தத் திட்டைப் படப்பிடிப்புக்கும் எடுத்துக்கொண்டு வா. ஒருத்தி மேடையில் ஏறுமுன் இன்னொருத்தி ஏறி மிதித்துப் பார்க்கட்டும்.

இனி முரசு நடனத்தின் கணக்கு. நானூறு நடனக்காரர்கள், ஆறு மாதம் தினசரி ஒத்திகை. படத்துக்கு ஆன 30 லட்சம் ரூபாயில் அந்த நடனத்துக்கு மட்டும் 5 லட்சம் என்று சொல்வார்கள். எல்லோரும் பணத்தைச் சொல்லி வாயைப் பிளப்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: நானூறு பேருக்கு ஆறு மாதம் மதியச் சோறு. எத்தனை அடுப்பு, எத்தனை படி அரிசி, எத்தனை கழிப்பறை, காலில் அடிபட்டவளுக்கு யார் மருந்து போட்டது? வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்கலாம் என்கிறார்கள். அந்த மெஸ்ஸை நடத்துகிறவரைப் போய்ப் பார். வாசனுக்கு அன்று வேண்டியிருந்த ஆள் அவர்தான்.

ஒரு படத்தில் நான் கூட்டக் காட்சிக்குப் பொறுப்பாக இருந்தேன். இருநூறு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள், காலை ஆறு மணி கால்ஷீட். இட்லி பத்தரைக்கு வந்தது. ஹீரோ வந்தாயிற்று, வெளிச்சம் பிரமாதம், எல்லாம் சரி. ரஷ் பார்த்தபோது இருநூறு முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. ஹீரோ இருந்த பக்கம் இல்லை. சாப்பாட்டு வேன் நின்ற பக்கம். தப்பு என்னுடையது. முதல் நாள் ராத்திரியே சமையல்காரருக்குப் போன் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி. வேலையை இப்போது விடாதே. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 'சந்திரலேகா'வுக்குப் பின்னால் வாசனின் பத்திரிகையான 'ஆனந்த விகட'னின் சம்பாத்தியமும் முந்தைய படமான 'மங்கம்மா சபத'த்தின் வசூலும் இருந்தன. அதனால்தான் கதை கிடைக்கும்வரை காத்திருக்க வாசனால் முடிந்தது. உனக்கு அந்த இடத்தில் மாதச் சம்பளம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்தால் மூன்றாவது மாதம் எவனோ ஒருவனின் மோசமான கதைக்குக் கிளாப் அடித்துக்கொண்டிருப்பாய், அதுவும் பேட்டா பாக்கியோடு. இந்தப் படம் முடியட்டும், அப்புறம் பேசலாம்.

எனக்கு ஒரு குறை உண்டு. 'சந்திரலேகா'வில் நடித்த டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வேன். முரசு நடனம் ஆடிய அந்த நானூறு பேரில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. நீ ஏழு தடவை பார்த்தது அவர்களுடைய கால்களைத்தான்.

நேற்று உன் கதைக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். நடனம் முடிந்ததும் எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று முடித்திருக்கிறாய். பீப்பாய்க்குள் யார் என்று கேட்டேனே, அந்த பஸ்ஸில் ஏறாத ஒருத்தி இருப்பாளா? இரண்டு வரி எழுதி அனுப்பு. 32 பேர் பெயரையும், டைட்டிலில் எப்படிப் போட வேண்டும் என்று அவரவர் கையாலேயே எழுதி வாங்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் சொல். ஸ்ரீபெரும்புதூரில் எனக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஏழு மணிக்கு இட்லி வந்துவிடும்.

அன்புடன்,
மாமா