வானவழிச் செய்தி: இரவில் கேட்பதும் பகலில் கேளாததும்

ரேடியோப் பெட்டியில் மத்திய அலை ஒலிபரப்பைக் கேட்டுப் பழகியோர் ஒரு விந்தையைக் கவனித்திருப்பர். உச்சிப்பொழுதில் அருகிலுள்ள நிலையம் ஒன்றோ இரண்டோ மாத்திரம் பேசும். முள்ளை எவ்வளவு திருப்பினும் மற்றை இடங்களில் இரைச்சலே மிஞ்சும். விளக்கேற்றும் வேளை கழிந்ததும் அதே பெட்டியில் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பேசத் தொடங்கும். பெட்டி மாறவில்லை, கம்பியும் மாறவில்லை. மாறுதல் நிகழ்ந்தது தலைக்குமேல் பல மைல் உயரத்திலே. இதன் காரணத்தை அறிவது வெறும் வேடிக்கைக்கு அன்று. ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக்காகக் காத்திருக்கும் ஊர், எந்த நிலையத்தை நம்பலாம் என்பதை முன்னரே தெரிந்து வைத்திருத்தல் வேண்டும்.

ரேடியோ அலையும் ஒலியும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர், அது பிழை. ஒலி காற்றை அசைத்துக்கொண்டு செல்வது. ஒரு விநாடிக்குச் சுமார் 1,100 அடியே அதன் நடை. ரேடியோ அலையோ மின்சாரமும் காந்தமும் கலந்த அதிர்ச்சி; ஒளியின் இனத்தைச் சேர்ந்தது. காற்றே இல்லாத வெளியிலும் அது விநாடிக்கு 1,86,000 மைல் வேகத்தில் ஓடும். சபையில் ஒருவர் பேசினால், 110 அடி தள்ளி அமர்ந்திருப்பவர் காதுக்கு அப்பேச்சுச் சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதே பேச்சை ரேடியோ மூலம் 200 மைலுக்கு அப்பால் கேட்பவர், கடைசி வரிசைக்காரருக்கு முன்பே கேட்டுவிடுவார்.

ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான பூமியின் வளைவைத் தாண்டி மறுபுறம் சேர்வது எங்ஙனம்? இக்கேள்வி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி உலகின் முன் நின்றது. அன்று மார்க்கோனி, அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்தில் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதில் கட்டிய கம்பியின் வழியாக, இங்கிலாந்தின் போல்டு என்னும் இடத்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிக் குறியைத் தாம் கேட்டதாக அறிவித்தார். இடைத்தூரம் 2,000 மைலுக்கு மேல். கேட்டது பகற்பொழுதாதலின், பின்னாளில் விஞ்ஞானிகள் சிலர் அதனை ஐயுற்றனர். ஆனால் இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் செய்த சோதனையே கிராமவாசிக்கு அதிகப் பயனுள்ளது. 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் மேற்கு நோக்கிச் சென்றவாறே, போல்டுவிலிருந்து வரும் குறிகளை அவர் கேட்டு வந்தார். பகலில் சுமார் 700 மைலோடு குறிகள் நின்றுவிட்டன. இரவிலோ ஏறக்குறைய 2,100 மைல் வரையில் கேட்டன.

அதே 1902-இல் அமெரிக்காவில் கெனலி என்பவரும் இங்கிலாந்தில் ஹெவிசைடு என்பவரும், ஒருவரையொருவர் கலவாமலே, வானத்தின் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் படலம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று உரைத்தனர். (கெனலி பிறந்தது பம்பாயிலுள்ள கொலாபாவில்.) அப்படலம் உண்மையில் உண்டென்று காட்டியவர் ஆப்பில்டன். 1924 டிசம்பரில் அவரும் பார்னெட் என்பவரும், போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளை ஆக்ஸ்போர்டில் ஏற்று, நிலத்தின் வழியே வந்ததையும் மேலிருந்து திரும்பி வந்ததையும் ஒப்பிட்டுப் படலத்தின் உயரத்தைக் கணித்தனர். அது சுமார் 60 மைல் என்று தெரிந்தது. இத்துறை ஆராய்ச்சிக்காக ஆப்பில்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

படலம் உண்டாவது சூரியனால். கண்ணுக்குப் புலப்படாத அதன் கதிர்கள் உயரத்திலுள்ள காற்றணுக்களைத் தாக்கி மின்துகள்களைப் பிரித்துவிடுகின்றன. இதில் அடுக்குகள் பல. சுமார் 40 முதல் 55 மைல் உயரத்திலுள்ள கீழடுக்கில் காற்று ஓரளவு அடர்த்தியானது. மத்திய அலை அங்குப் புகுந்து மின்துகள்களை ஆட்டும்போது, அவை காற்றணுக்களோடு மோதி, அலையின் வலிமையை வெப்பமாக்கி வீணாக்குகின்றன. மணற்பாங்கான வாய்க்காலில் விட்ட நீர் கடைமடை சேராமற் போவது போன்றது இது. சூரியன் மறைந்ததும் இவ்வடுக்கின் துகள்கள் விரைவில் மீண்டும் ஒன்றுகூடி, அடுக்கே மறைந்துவிடும். மேலடுக்குகளிலோ காற்று மிக மெலிதாகையால், பிரிந்த துகள்கள் ஒன்றையொன்று சந்திக்க நேரம் பிடிக்கிறது; ஆதலால் அவை இரவிலும் முற்றும் அழிவதில்லை. தடை நீங்கிய அலை மேலே சென்று, வளைந்து, தொலைதூர ஊர்களில் இறங்குகிறது. இதனை வான அலை என்பர்.

இஃதன்றி நிலத்தைத் தழுவிச் செல்லும் நில அலையும் உண்டு. அது இரவுபகல் பாராது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடலின்மேல் அது நெடுந்தூரம் செல்லும். ஈரமான நஞ்சை நிலத்தில் அதைவிடக் குறைவு. வறண்ட பாறை நிலத்தில் இன்னும் குறைவு. இரவில் ஒரே நிலையத்தின் நில அலையும் வான அலையும் ஏறக்குறைய ஒத்த வலிமையுடன் ஓரிடத்தில் கூடினால், ஒருசமயம் ஒன்றுக்கொன்று துணையாகியும் மறுசமயம் ஒன்றையொன்று அழித்தும், ஓசை பெருகிப் பெருகிக் குறையும். பெட்டி பழுதென்று எண்ணி அதைத் தட்டுவதில் பயனில்லை.

மிகக் குறுகிய அலைகளைக் கொண்ட எஃப்.எம். ஒலிபரப்பு வேறு வகையினது. அது சாதாரணமாகப் படலத்தைத் துளைத்து வெளியே போய்விடுமாதலின், ஏறக்குறையக் கண்ணுக்கெட்டும் தூரமே அதற்கு எல்லை. சுமார் 7,000 அடி உயரமுள்ள கோடைக்கானலில் அத்தகைய நிலையம் அமைந்தது, உயரத்திலிருந்து பார்வை அகலும் என்பதற்காகவே.

சென்னையில் 1938-லும் திருச்சிராப்பள்ளியில் 1939-லும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் திறக்கப்பட்ட காலத்திற்குப் பின் எத்தனையோ சாதனங்கள் வந்துவிட்டன. ஆயினும் புயலில் மின்சாரமும் டெலிபோனும் அற்றுப்போன ஊருக்கு, பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோப் பெட்டி இன்னும் கைகொடுக்கக் கூடியது. சங்கத்தார் செய்யவேண்டியது எளிது. மழைக்காலம் தொடங்குமுன், வானம் தெளிந்த ஒரு நாளின் நடுப்பகலில், முள்ளை மெல்லத் திருப்பி, தமிழில் தெளிவாய்க் கேட்கும் நிலையங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுப்பகலில் கேட்பது நில அலை, அல்லது அண்மையிலுள்ள எஃப்.எம். கோபுரத்தின் அலை, ஆபத்து வேளையில் நம்பத்தக்கவை இவையே. இரவில் உரத்துக் கேட்கும் தூரநிலையம் விடியும்போது கைவிட்டுவிடும். மத்திய அலையில் ஓசை மெலிந்திருந்தால் பெட்டியையே மெதுவாகச் சுற்றி வைத்துப் பார்க்கலாம். உள்ளிருக்கும் ஏரியல் ஒரு திசைக்கு அதிகமாகவும் மற்றொரு திசைக்குக் குறைவாகவும் செவிகொடுக்கும் இயல்புடையது. மின்னலும் ரேடியோ அலைகளை எழுப்புவதால் மத்திய அலையில் படபடவென்ற ஓசை வரும், எஃப்.எம்.மில் அத்தொல்லை மிகவும் குறைவு. வீட்டுக்கு வெளியே உயரக் கம்பி கட்டியிருப்பவர்கள், இடி நெருங்குமுன்பே அதனைப் பெட்டியினின்று கழற்றிவிடுதல் வேண்டும். இடி தலைக்குமேல் வந்தபின் அக்கம்பியைத் தொடலாகாது.