பாறைப் பிளவைக் கண்டறியும் முறை

சேலம், தருமபுரி, கோயமுத்தூர் முதலிய பிரதேசங்களில் மண்ணுக்கடியில் பரந்து கிடக்கும் சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகள் தம் உடலில் நீரைத் தேக்கும் இயல்பற்றவையாதலால், ஆழ்துளைக் கிணறு அமைக்க விரும்புகிறவர் முதலில் பாறையின் பிளவையே தேட வேண்டும். பிளவு நெடுந்தூரம் ஓடும் ஒரு கோடு என்பதை மறந்து, தோட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் கருவியை வைத்து, ஒரே அளவீட்டைக் கொண்டு இடம் குறித்துவிடும் வழக்கத்தால் குடியானவர்களின் தனம் விரயமாவது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆகவே முதற்காரியம் நடந்து பார்ப்பது. ஓடை நேர்கோடாகச் செல்லும் இடத்தையும், கோடையிலும் பசுமை மாறாத மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து, அருகிலுள்ள கல்குவாரியில் பிளவுகளின் திசையையும் சாய்வையும் திசைகாட்டி கொண்டு அறிந்துகொள்க.

அடுத்து, அத்திசைக்குக் குறுக்கே கயிறு பிடித்து, பிராங்க் வென்னர் 1915-இல் வெளியிட்ட முறைப்படி நான்கு உலோக முளைகளை 30 மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக அடித்து, வெளிமுளைகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள்முளைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து 188.5-ஆல் பெருக்கினால் அவ்விடத்தின் மின்தடைத்திறன் ஓம்-மீட்டரில் கிடைக்கும். பின்னர் நான்கு முளைகளையும் 10 மீட்டர் நகர்த்தி மீண்டும் அளந்து, இவ்வாறே வயலின் மறுகோடி வரை சென்று, எண்களை வரைதாளில் இடுக. உறுதியான பாறையின்மேல் ஆயிரத்துக்கும் மேற்படக்கூடிய எண், நீர் நிறைந்த பிளவின்மேல் சட்டெனத் தாழும். ஆயினும் களிமண் குழியும் அவ்வாறே தாழ்த்திக் காட்டுமாதலால், 50 மீட்டர் தள்ளி இணையாக இன்னொரு வரிசை அளந்து, இரண்டிலும் தாழ்வுகள் தோன்றி, அவற்றை இணைக்கும் கோடு குவாரியில் கண்ட திசையோடு பொருந்தினால்தான் நம்பலாம். மண் உலர்ந்திருந்தால் முளையடியில் உப்புநீர் ஊற்றுக. கம்பி வேலி, இரும்புக் குழாய், மின்கம்பி ஆகியவற்றின் அருகே அளக்கற்க.

திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்திலுள்ள கடற்படை நிலையம் பரப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலியலைகளைக் கொண்டும் பிளவைத் தேடலாம். ஆனால் அந்நிலையத்தை நோக்கி ஓடும் பிளவுகளே அதில் தெளிவாகப் புலப்படும்.

இறுதியாக, கண்ட கோட்டின் நெடுகே ஷ்லம்பர்கர் முறையில் வெளிமுளைகளைப் படிப்படியாக அகற்றி, உள்முளைகளின் இடைவெளி வெளிமுளைகளுடையதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அளந்தால், சிதைந்த பாறையின் கனம் தெரியவரும். நூறு மீட்டர் ஆழத்திலுள்ள மெல்லிய பிளவை இம்முறை காட்டாது. அதன் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பிளவு சாய்ந்திருக்குமாயின், மேற்பரப்பில் கண்ட கோட்டின்மேலேயே துளையிடாமல், அது சாயும் பக்கமாகச் சற்று விலகி முளைக்குச்சியை நடுக.