கோலார் தங்கவயல்: மூடிய சுரங்கமும் முடியாத செலவும்

மண்டி மொஹல்லா போன்ற பழைய வணிகப் பேட்டைகளைக் கொண்ட மைசூரு நகருக்கு மின்சாரம் வந்தது 1908ஆம் ஆண்டில். ஆனால் அந்நகருக்கு அருகிலுள்ள சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளக் கம்பிகளின் வழியே கோலார் தங்கவயலைச் சென்றடைந்துவிட்டது. மைசூர் சமஸ்தானத்தின் பொருளாதாரத்தில் தங்கச் சுரங்கங்கள் பெற்றிருந்த இடத்தை உணர இந்த ஒரு செய்தியே போதும். சமஸ்தானத்தின் கருவூலத்திற்குச் சுரங்கங்கள் உரிமத் தொகை செலுத்தின. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜான் டெய்லர் நிறுவனம் 1880 முதல் அவற்றை நிர்வகித்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள் நிலத்தினடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிப் பாறையை உடைத்தனர். 1956இல் மாநில அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு உற்பத்தி முடிவுற்றது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். இது கணக்கின் வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தில் ஊரின் நடுவே நிற்கும் 13 கழிவு மேடுகளும், அவற்றில் குவிந்துள்ள ஏறத்தாழ 3.3 கோடி டன் அரைத்த பாறையும், நீர் நிரம்பிய சுரங்க வழிகளும் உள்ளன. வரவு பல கைகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டது. செலவு அங்கேயே தங்கிவிட்டது.

கழிவு மேடுகளின் தன்மை

தங்கப் பாறையில் தங்கம் மிகச் சிறிய பகுதியே. பிற்காலத்தில் கிடைத்ததைப் போன்று ஒரு டன்னுக்குச் சில கிராம் என்ற அளவில் தங்கமுள்ள பாறையை எடுத்துக்கொண்டால், மீதமுள்ள ஏறக்குறைய முழு டன்னும் கழிவே. தங்கத்தைப் பிரிப்பதற்காகப் பாறையை மாவாக அரைத்துச் சோடியம் சயனைடு கரைசலில் கரைப்பர். பின்னர் அக்கரைசலிலிருந்து துத்தநாகத்தின் துணையால் தங்கத்தைப் படியச் செய்வர். எஞ்சிய மாவு வெளியே கொட்டப்படும். தங்கவயல் மக்கள் இம்மேடுகளைச் 'சயனைடு மேடு' என்றே குறிப்பிடுகின்றனர். பெயர் பொருத்தமானதே; எனினும் கவனத்தை அது ஓரளவு தவறான இடத்திற்குத் திருப்புகிறது எனலாம். தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பகுதி சிதைந்துவிடும். இரும்புடன் கூடிய சேர்மங்களாக மாறியது மட்டுமே நெடுநாள் நிற்கும். சிதையாதவை வேறு: காற்றில் பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசி, ஆர்சனிக் முதலிய நச்சுத் தனிமங்கள், காற்றும் நீரும் பட்டதும் அமிலமாக மாறக்கூடிய கந்தகக் கனிமங்கள்.

சிலிக்காத் தூசியால் விளையும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், இந்தியாவில் முதன்முதலாக 1934இல் இச்சுரங்கத் தொழிலாளரிடையேதான் பதிவாயிற்று. அன்று அது சுரங்கத்தினுள் உழைத்தவரின் தொழில் நோய். மேடுகளைக் காற்று அரிக்கும்போது, ஒருநாளும் சுரங்கத்தில் இறங்காதவரும் தூசியைச் சுவாசிக்க நேருகிறது.

தூய்மைப்படுத்தும் முறைகள் தொழில்நுட்ப அளவில் புதியவை அல்ல. மேட்டின் சரிவைப் படிகளாக வெட்டுதல், அடிவாரத்தில் தடுப்புச் சுவரும் சுற்று வடிகாலும் அமைத்தல், மேல் மண் பரப்பித் தென்னை நார் விரிப்பின் மீது புல்லும், பின்னர் மரங்களும் வளர்த்தல் ஆகியவை பல நாடுகளில் கையாளப்படுகின்றன. இவற்றில் எதுவும் ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று. ஒரு பருவ மழையில் சரிவில் விழும் ஓர் அரிப்பு வாய்க்காலை அடைக்காமல் விட்டால், அடுத்த மழையில் அது பள்ளமாகும். மூடிய மண் கரைந்து, உள்ளே இருந்த மாவு மீண்டும் வெளிப்படும்.

கண்காணிப்பின் பொருள்

நெடுங்காலக் கண்காணிப்பு என்பது ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் அளந்து வருவதாகும். மேடுகளைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து, அமிலத்தன்மை, சயனைடு, ஆர்சனிக் ஆகியவற்றைக் காணவேண்டும். கோடையில் காற்றிலுள்ள தூசியை அளக்கவேண்டும். ஓர் ஆண்டின் அளவு தனியாக எதையும் கூறாது. இருபது ஆண்டுகளின் வரிசையே நிலைமை சீரடைகிறதா, மோசமடைகிறதா என்பதைக் காட்டும். இடையில் ஐந்து ஆண்டுகள் அளவு விடுபட்டால், அந்த இடைவெளியைப் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் நிரப்ப முடியாது.

நிலத்தடியிலும் கவனம் தேவை. இறைப்பு நின்றதும் ஆழச் சுரங்கங்களில் நீர் ஏறுகிறது. நீரின் அழுத்தம் பாறையின் பிளவுகளில் புகுந்து, முன்பே இறுக்கத்தில் இருந்த பாறையை நகரச் செய்யக்கூடும். பாறை வெடிப்புக்குப் பெயர்பெற்ற இச்சுரங்கங்களில் நில அதிர்வுக் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பயன்படுத்தப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே நிறுவப்பட்டது. உற்பத்தி நின்ற பின்னரும் அதிர்வுகள் பதிவாகியுள்ளன. ஆகவே, மூடிய சுரங்கம் அமைதியான சுரங்கம் என்று கொள்வதற்கில்லை.

யார் செலுத்துவது?

தொழில்நுட்பத்தைவிடப் பொருளாதாரத்திலேயே சிக்கல் மிகுதி. சுரங்க நிறுவனங்கள் வருங்காலச் செலவை வட்டி விகிதத்தால் குறைத்து இன்றைய மதிப்பாகக் கணக்கிடுகின்றன. ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொண்டால், 50 ஆண்டுகள் கழித்துச் செய்யவேண்டிய ஒரு ரூபாய்ச் செலவின் இன்றைய மதிப்பு ஒரு பைசாவுக்கும் குறைவு. 3 விழுக்காடு எனில் ஏறத்தாழ 23 பைசா. கணக்கு எழுதுபவர் தேர்ந்தெடுக்கும் ஒரே ஓர் எண், பேரக் குழந்தைகள் குடிக்கும் கிணற்று நீரைப் பொருட்படுத்தத் தக்கதாகவோ, பொருட்படுத்தத் தகாததாகவோ ஆக்கிவிடுகிறது! இதன் காரணமாகவே, சுரங்கம் இலாபம் ஈட்டும் காலத்திலேயே மூடும் செலவைத் தனி நிதியாக ஒதுக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டியுள்ளது.

இந்தியாவில் சுரங்க மூடல் திட்டமும் அதற்கான நிதி உறுதியும் 2003 ஏப்ரலில் விதிகளில் இடம்பெற்றன. 2017ஆம் ஆண்டின் விதிகள், இயந்திரங்களால் நடைபெறும் 'அ' பிரிவுச் சுரங்கங்களுக்கு ஒரு ஹெக்டேருக்கு 3 இலட்சம் ரூபாய் என நிதி உறுதியை நிர்ணயித்தன. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009இல் தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. 2020 ஜனவரியில், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்கவேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தங்கவயல் மூடப்பட்டதோ 2001இல். விதி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே சுரங்கம் நின்றுவிட்டது. 2015இல் தோன்றிய மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியும் இயங்கும் சுரங்கங்களின் உரிமத் தொகையை ஒட்டியே திரட்டப்படுவது. பணி நின்ற சுரங்கம் அதற்கு எதையும் அளிப்பதில்லை.

ஒதுக்காமல் விட்ட செலவு எவ்வளவு வளரும் என்பதற்குக் கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயண்ட் தங்கச் சுரங்கம் எடுத்துக்காட்டு. அங்கு 1948 முதல் 2004 வரை தங்கம் எடுக்கப்பட்டது. நடத்திய நிறுவனம் 1999இல் நொடித்துப்போனது. நிலத்தடி அறைகளில் 2,37,000 டன் ஆர்சனிக் டிரையாக்சைடு தூள் எஞ்சியது. அதை அகற்ற வழியின்றிச் சுற்றியுள்ள பாறையோடு உறையவைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி செலவு 438 கோடி கனடா டாலர். செலுத்துவோர் அந்நாட்டின் வரி செலுத்தும் மக்கள். அங்கு ஒரு செயல் பின்பற்றத்தக்கது: பணியைச் செய்யும் துறையே தன் பணியை மதிப்பிடாமல், 2015இல் தனி மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது.

மேடுகளில் எஞ்சிய தங்கம்

தங்கவயலில் இன்று ஒரு வாய்ப்பு எழுந்துள்ளது. பழைய முறைகளில் பிரியாது மேடுகளில் தங்கிய சிறிதளவு தங்கத்தை இன்றைய முறைகளால் பிரிக்க முடியும். இதற்கான மத்திய அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. 13 மேடுகளும் அடங்கிய நிலத்தின் பரப்பு ஆயிரம் ஏக்கரை ஒட்டியது.

இதனைச் சிலர் தூய்மைப் பணியாகவே கருதுகின்றனர். அது முழுமையாகச் சரியன்று. ஒரு டன் கழிவிலிருந்து ஒரு கிராம் தங்கம் எடுத்தாலும் ஒரு டன் கழிவே மிஞ்சும். அதுவும் மீண்டும் அரைபட்டு, மேலும் நுண்ணியதாகலாம். இறுகிப் படிந்த மேடுகளைக் கிளறும் காலத்தில் தூசி கூடவும் இடமுண்டு. எனினும் வருமானம் இல்லாத நிலத்திற்கு வருமானம் வரும் ஒரே வேளை இதுவே. எனவே ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகள் முன்கூட்டியே இடம்பெறுதல் அவசியம்: மறுகழிவைச் சேர்க்கும் இடம் அடித்தள விரிப்புடன் அமைதல், எடுக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு பகுதி, ஒப்பந்தக்காரரின் நிதிநிலையைச் சாராத தனிக் கணக்கில் சேர்தல், முதல் மண்வெட்டி விழுமுன் ஓர் ஆண்டு முழுவதும் கிணற்று நீரும் காற்றும் அளக்கப்பட்டு, அந்த அளவுகள் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை மக்கள் பார்க்கும்படி தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்கப்படுதல். மூன்றாவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வேலை தொடங்கிய பின்னர் அதனைச் செய்ய இயலாது.