மின்னூல்களும் வன்னி வாசகரும்

முள்ளிவாய்க்காலுக்கு அண்மையில் பிரதேச சபை நூலகமொன்றில் கடமையாற்றும் எனக்கு, மின்வளங்களை மக்களிடையே பிரபலப்படுத்தும் மார்க்கம் யாதென்று கேட்போருக்குச் சொல்லத்தக்க அபிப்பிராயம் ஒன்றே உண்டு: வந்தவர் தேடுகின்ற ஒரு பக்கத்தை அவர் கண்முன் திறந்து காட்டிவிட்டால், மிகுதிப் பிரசாரத்தை அவரே செய்துவிடுவார்.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் போரினால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இந்தக் கரையோரத்தில் ஒடுங்கிய சனங்கள் வழிநெடுகக் கைவிட்ட பொருள்களுள், பாடசாலைச் சான்றிதழ்களும், குடும்பப் படங்களும், பெற்றோரின் முப்பத்தோராம் நாளுக்கென அச்சிட்ட ‘கல்வெட்டு’ எனும் நினைவு நூல்களும் அடங்கும். அத்தகைய இழப்புக்குள்ளான முதியவர் ஒருவர், தம் தகப்பனார் வாழ்த்துரை எழுதிய கோயில் கும்பாபிஷேக மலரைக் குறிப்பிட்டு, “தம்பி, அது எங்கையெண்டாலும் ஒரு பிரதி இருக்குமே?” என்று கேட்டபோது, 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் அதனைத் தேடியெடுத்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்தேன். அதன்பின் அவர் பேரப்பிள்ளையோடும் அயலவரோடும் வந்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான தேசத்தில், ஒரு பிரதி பல இடங்களில் இருக்கவேண்டியதன் அவசியத்தை எவருக்கும் நாம் விஸ்தாரமாக விளக்க வேண்டியதில்லை.

தேடும் முறையைக் கற்பிக்கையில், தமிழில் தட்டச்சுச் செய்யப் பழகாதவருக்குக் கைத்தொலைபேசியின் குரல்வழித் தேடலைக் காட்டுவது உத்தமம். 1959இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகை, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை சஞ்சிகை முதலியவற்றில் ஏதேனும் வேண்டுமென்றால், ஆண்டையும் மாதத்தையும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். டேட்டாவுக்குச் செலவிட இயலாதவர்கள் இங்கு அநேகர். ஆதலால் நூலக இணைப்பிலேயே பிடிஎப் கோப்பை இறக்கி, வீட்டில் இணைப்பின்றி வாசிக்கும் வகையில் தொலைபேசியில் சேமித்துக் கொடுத்தனுப்புகிறோம். இந்தச் சிறு உபகாரம் செய்ததை எந்தச் சுவரொட்டியும் செய்யவில்லை.

உயர்தர மாணவர் கடந்தகால வினாத்தாளுக்காகவே வருவர். அதனைக் கொடுத்தபின், 1998இல் ஆரம்பமான மதுரைத் திட்டத்தின் தமிழ் இலக்கிய மின்னூல்களைக் காட்டினால் ஆவலோடு பார்ப்பார்கள். கடற்றொழிலாளருக்கோ வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிக்கையே முதல் மின்வளம். அதனைக் காலையிலேயே அச்சிட்டு வாசலில் ஒட்டுவது எந்த நூலகத்துக்கும் சாத்தியமான காரியம்.

இத்தகைய மின்வளங்களில் வன்னிக் கிராமங்களைப் பற்றிய ஆவணங்கள் இன்னும் மிகுதியாகச் சேரவேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் தப்பிய கல்வெட்டோ, பாடசாலை மலரோ, சனசமூக நிலையத்தின் பழைய அறிக்கையோ இருக்குமாயின், அருகிலுள்ள நூலகத்தில் ஒருமுறை காட்டி, மின்வருடியெடுக்க அனுமதித்து, மூலப்பிரதியை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.