‘இவளுக்கு வராது’ என்று சொல்வதற்கு முன்

ஜூன் மாதத்தில் பதினைந்து மாணவியர் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டுக்குள் பெரும்பாலோர் முன்குட்டிக்கரணம், பின்குட்டிக்கரணம், கார்ட்வீல் ஆகியவற்றை முடித்துக் கைகளில் நிற்கப் பழகத் தொடங்கிவிடுவார்கள். ஒருத்தி மட்டும் இன்னும் பின்குட்டிக்கரணத்திலேயே நிற்பாள். அவளை என்ன செய்வது? வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கிறது. குழுவோடு சேர்த்து அடுத்த பயிற்சிக்கு நகர்த்திவிடுகிறோம். அல்லது, “நீ கபடிக்குப் போம்மா” என்று அனுப்பிவிடுகிறோம். முதலாவது ஆபத்தானது. கைகளால் தரையைத் தள்ளத் தெரியாத குழந்தை பின்னோக்கி உருளும்போது உடல் எடை கழுத்தில் இறங்கும். இரண்டாவது, தாமதத்தின் காரணம் தெரியாமலேயே எடுக்கும் முடிவு.

‘மெதுவாகக் கற்கிறாள்’ என்ற ஒரே சொல்லில் பல காரணங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கைகளில் நிற்றல் நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு எடையைத் தாங்கும் தோளும் மணிக்கட்டும் வேண்டும். காதை ஒட்டிக் கைகளை உயர்த்தும் அளவுக்குத் தோள் மூட்டு திறக்க வேண்டும். இடுப்பு வளையாமல் வயிற்றுத் தசைகளை இறுக்கி வைக்கத் தெரிய வேண்டும். தலைகீழாக இருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு வேண்டும். இவற்றில் எது குறைகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். தண்டால் நிலையில் இருபது விநாடி அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். இடுப்பு தொங்கினால் குறை வலிமையில். சுவரில் முதுகு ஒட்டி நின்று, முதுகை வளைக்காமல் கைகளைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ச் சுவரைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாவிட்டால் குறை தோளின் நெகிழ்வில். இரண்டும் சரியாக இருந்தும் காலை உதைக்கும்போது பாதியிலேயே இறக்கிவிடுகிறாளா? அது பெரும்பாலும் பயம்.

பயத்துக்கு, “பயப்படாதே” என்பது மருந்தாகாது. மேலே போன பிறகு எப்படி இறங்குவது என்று தெரியாததால்தான் குழந்தை மேலே போக மறுக்கிறது. ஆகவே இறங்குவதை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். நிலை குலையும்போது ஒரு கையை முன்னே எடுத்து வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காலில் இறங்கும் முறையைத் தாழ்வான உயரத்திலேயே பலமுறை பழக்கலாம். பிறகு சுவரைப் பார்த்தபடி கைகளை ஊன்றி, காலைச் சுவரில் ஒவ்வோர் அடியாக மேலே ஏற்றட்டும். எவ்வளவு உயரம் போவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: உடை. சுடிதார் மேல்சட்டையோடு தலைகீழாக நிற்கும் மாணவியின் கவனம் தோளில் இருக்காது, சட்டை நழுவுகிறதா என்பதில்தான் இருக்கும். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவியரிடம் இது நிச்சயம் உண்டு. ஆனால் நம்மிடம் சொல்லமாட்டார்கள். முழுக்கால் டிராக் பேண்ட், உள்ளே செருகிய டி-சர்ட், வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாத ஓர் இடம் ஆகிய மூன்றும் அமைந்தாலே சிலருடைய ‘மெதுவு’ காணாமல் போய்விடும்.

வயதையும் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு வயதினரிடையே உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருப்பது இயல்பு. பெண்கள் பெரும்பாலும் 11, 12 வயதையொட்டி வேகமாக உயரம் கூடுகிறார்கள். கை கால் நீளும் அந்த மாதங்களில், போன ஆண்டு எளிதாக வந்த கார்ட்வீல்கூடத் தடுமாறும். அப்போது புதிய திறன்களைக் குறைத்து, வலிமைக்கும் நெகிழ்வுக்கும் நேரம் ஒதுக்குவதே சரி. எப்போதும் சோர்ந்திருக்கும் மாணவிக்கு இரத்தசோகை இருக்கிறதா என்பதையும் மருத்துவப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்குட்டிக்கரணத்தில் நிற்கும் நம் மாணவிக்கு வருவோம். பாயின் ஒரு முனைக்குக் கீழே உறுதியான பலகையை வைத்துச் சரிவு அமைத்தால், உருளுவதற்கான வேகம் சரிவிலிருந்தே கிடைக்கும். அவள் கைகளைக் காதருகே வைத்துத் தள்ளுவதில் மட்டும் கவனம் செலுத்தலாம். சரிவை வாரம் வாரம் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு முயற்சிக்கு ஒரு குறிப்பு போதும். “கையைத் தள்ளு, தாடையை மார்போடு சேர், முழங்காலை மடக்கு” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நிற்காது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிழிவதைவிடத் தினமும் பத்து நிமிடம் நல்ல பலன் தரும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் கரடி நடை, நண்டு நடை செய்யட்டும். செலவில்லாமல் தோள் வலுப்படும். செய்து காட்டச் சிறந்த மாணவியை அழைக்காமல், போன வாரம்தான் இதைக் கற்றுக்கொண்டவளை அழைத்துப் பாருங்கள். அவளுக்குத் தடுமாறிய இடம் இன்னும் நினைவிருக்கும்.

அகர்தலாவின் தீபா கர்மாகர் ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம். ஓடி வந்து குதித்து இறங்கும் விளையாட்டுக்கு அது பெரிய தடை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பவில்லை. பாதத்துக்கென்றே தனிப் பயிற்சி கொடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் தீபா 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் 0.15 புள்ளியில் தவறியது. (இதை மாணவியிடம் சொல்லி, ‘நீயும் தீபா ஆகலாம்’ என்று ஏற்றிவிட வேண்டாம். அது இன்னொரு சுமை. இந்தச் செய்தி நமக்கானது.)

பெற்றோர் வந்து, “எல்லாரும் செய்றாங்க, இவளுக்கு மட்டும் வரலையே சார்” என்று கேட்கும்போது காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தண்டால் நிலையில் ஜூனில் எட்டு விநாடி, ஆகஸ்டில் இருபத்தைந்து விநாடி; சுவரில் கால் ஏறிய உயரம்; சரிவின் அளவு. மற்ற மாணவியரின் பெயர் அந்த நோட்டில் வேண்டாம்.

சில மாதங்கள் இப்படிப் பயிற்சி தந்தும் மாற்றமே இல்லை என்றால், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். எழுத்து கோணலாக இருக்கிறதா, ஷூ கயிறு கட்டத் திணறுகிறாளா, பந்தைப் பிடிக்க முடியவில்லையா என்று கேளுங்கள். உடலியக்க ஒருங்கிணைப்பில் குறைபாடு உள்ள குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பலரைச் சோம்பேறி என்றே நினைத்துவிடுகிறோம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் அக்குழந்தையைக் காட்டலாம். அதுவரை அவள் பயிற்சியிலேயே இருக்கட்டும். பாயில் அவளுக்கென்று பத்து நிமிடம் தினமும் இருக்கட்டும்.