சிறு தட்டில் பெரு விழா



விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஊருக்குப் புறப்படும்போது நான்கு பேருடைய துணிமணிகளையும் ஒரே பெட்டியில் அடுக்கிவிடும் அம்மாவின் திறமையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எதை எடுப்பது, எதை விடுவது, எதை மடித்து வைப்பது என்று தெரிந்தவர்க்கே அது கைகூடும். திரைப்படத்தையோ விழாக் காட்சிகளையோ ஒரு சிறு தட்டில் அடக்குவதும் அத்தகைய கலையே. இதை நாம் ஏட்டில் படித்தறியவில்லை. தவறு செய்து கற்றுக்கொண்டோம்.

நம் பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் கன்னியர் மடத்தில் இருக்கிறார். முழங்கால் வலியால் அவரால் ஆண்டு விழாவுக்கு வர இயலவில்லை. "குழந்தைகள் ஆடுவதை நான் பார்க்க வேண்டாமா?" என்று அவர் கேட்டதும், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாம், விழாவை டி.வி.டி. தட்டில் பதிந்து தருவதாக வாக்களித்தோம். அவரது அறையில் இருப்பது பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் டி.வி.டி. கருவியும் மட்டுமே. ஒரே தட்டாகக் கொடுத்தால்தான் அவருக்கு எளிது. இடையில் எழுந்து சென்று தட்டு மாற்ற அவரால் முடியாது.

முதல் தட்டைப் போட்டுக் காட்டினோம். கோலாட்டம் தொடங்கியதும் திரையெங்கும் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தோன்றின. சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது எந்தப் பிள்ளையம்மா? முகம் தெரியவில்லையே!" என்றார். நாம் தலை குனிந்தோம். குறை அவர் கண்ணில் இல்லை. நம் வேலையில்தான் இருந்தது.

தட்டின் கொள்ளளவு

சாதாரண டி.வி.டி. தட்டு ஒன்றில் 470 கோடி பைட்டுகள் கொள்ளும். இதையே 4.7 ஜி.பி. என்று உறையில் அச்சிடுகிறார்கள். கணிப்பொறி 1024-ஐ அடிப்படையாகக் கொண்டு எண்ணுவதால் அதே தட்டை 4.37 என்று காட்டும். இதனால் ஏமாற வேண்டாம்.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கேற்ற டி.வி.டி. படம் ஒவ்வொன்றிலும் அகலவாக்கில் 720, உயரவாக்கில் 576, ஆக 4,14,720 புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. பெருக்கிப் பாருங்கள்! விநாடிக்கு 3 கோடியே 11 இலட்சம் பைட்டுகள். சுருக்காமல் அப்படியே பதிந்தால் ஒரு தட்டு இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். நம் இறைவணக்கப் பாடல்கூட அதற்குள் முடியாது!

சுருக்கும் வித்தை

அப்படியானால் இரண்டு மணி நேரப் படங்கள் எவ்வாறு தட்டில் அடங்குகின்றன? கண்ணுக்குத் தேவையற்றதை விலக்குவதனால்தான்.

நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாக உணரும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணராது. ஆகவே நிற விவரம் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற அளவில் குறைக்கப்படுகிறது. அடுத்து, மேடையின் பின்திரை ஒரு படத்திலிருந்து மறு படத்திற்கு மாறுவதில்லை. ஆகவே ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு முழுப்படத்தை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட படங்களில் மாறியதை மட்டும் குறித்தால் போதும்.

மூன்றாவது வித்தை கணிதம் தந்தது. படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பெருங்கோலங்களும் நுண்கோலங்களும் கலந்த கலவையாக எழுதுகிறார்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்கோலங்களைக் குறைத்துவிடுகிறார்கள். இம்முறையை 1974-ல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர். இவர்களுள் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். 1972-ல் இந்த ஆய்வுக்காக அவர் கேட்ட பொருளுதவி அமெரிக்காவில் மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. இன்று டி.வி.டி. படம் ஒவ்வொன்றும் அவர்கள் கணிதத்தால்தான் ஓடுகிறது என்றால் அது மிகையாகாது.

நாம் தவறிய இடம்

விழா நடந்தது 3 மணி 20 நிமிடம், அதாவது 12,000 விநாடி. மூலப்பதிவு 36 ஜி.பி. இருந்தது. தட்டின் 470 கோடி பைட்டை 8 ஆல் பெருக்கி, வரும் பிட்டுகளை 12,000 ஆல் வகுத்தால், விநாடிக்கு 3.13 மெகாபிட் கிடைக்கும். இதுவே நமது செலவுப் பணம். ஒலிக்கும் ஒளிக்கும் இதிலிருந்தே பங்கிட வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் நாம் போடவே இல்லை. ஒலியைச் சுருக்காமல் விட்டுவிட்டோம். அதுவே விநாடிக்கு 1.54 மெகாபிட்டை விழுங்கிவிட்டது. படத்திற்கு எஞ்சியது பாதிதான்! அவ்வளவு குறைந்த பங்கில் நுண்கோலங்களோடு பெருங்கோலங்களும் போய்விடும். கட்டம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். சிஸ்டர் கண்ட சதுரங்கள் அவைதாம்.

தரத்தை உயர்த்தும் வழிகள்

முதலாவதாக, வேண்டாதவற்றை நீக்குக. திரை மூடியிருந்த நேரம், மேசை நாற்காலி நகர்த்திய நேரம், மைக் சோதித்த நேரம் ஆகியவை சேர்ந்து 50 நிமிடம் இருந்தன. இவற்றை வெட்டியதும் விழா இரண்டரை மணி நேரமாயிற்று. விநாடிப் பங்கு 4.18 மெகாபிட்டாக உயர்ந்தது. ஒரு குழந்தையின் நடனமும் குறையவில்லை.

இரண்டாவதாக, ஒலியைச் சுருக்குக. ஏ.சி.-3 முறையில் 0.19 மெகாபிட் போதும். பாட்டும் பேச்சும் தெளிவாகவே கேட்கும். சிறிது இடத்தைத் தட்டின் உள்வேலைக்கு ஒதுக்கியபின் படத்திற்கு 3.8 மெகாபிட் கிடைத்தது. முதல் தட்டில் இருந்ததைப்போல இது இரு மடங்குக்கும் மேல்!

மூன்றாவதாக, பங்கைச் சமமாகப் பிரிக்காதீர். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கும் பத்து மதிப்பெண் வினாவுக்கும் ஒரே நேரமா செலவிடுகிறோம்? இருமுறைச் சுருக்கம் என்று ஒரு வழி உண்டு. கணிப்பொறி முதல் முறை படம் முழுவதையும் பார்த்துக் கடினமான இடங்களைக் குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை அதற்கேற்பப் பங்கிடும். அசையாமல் நின்று ஆண்டறிக்கை வாசிக்கும் காட்சிக்குச் சிறு பங்கும், சுழன்று ஆடும் கோலாட்டத்திற்குப் பெரும் பங்கும் கிடைக்கும். டி.வி.டி.யில் படத்தின் உச்ச வரம்பு 9.8 மெகாபிட். பழைய கருவி திணறாமல் இருக்க நாம் 8-உடன் நிறுத்திக்கொண்டோம். இந்த வேலைக்கு நேரம் அதிகம் வேண்டும். இரவில் தொடங்கிவிட்டுக் காலையில் வந்து பார்த்தோம்.

நான்காவதாக, மூலப்பதிவிலிருந்தே தொடங்குக. கைப்பேசியில் பகிர்ந்து வந்த நகல் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்த கரும்பை மீண்டும் பிழிந்தால் சாறு வருமா?

ஐந்தாவதாக, மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடிக்கும். கணிப்பொறி அவற்றையும் அசைவு என்று எண்ணிப் பங்கை வீணாக்கும். ஆகவே முதலில் அவற்றை மெல்ல நீக்க வேண்டும். மிகையாக நீக்கினால் முகங்கள் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும்.

ஆறாவதாக, இத்தனைக்குப் பிறகும் பங்கு போதாவிடில், அகலத்தை 720-லிருந்து 352 ஆகக் குறைக்கலாம்; டி.வி.டி. முறை இதை ஏற்கும். படம் சற்று மென்மையாகத் தோன்றும். ஆயினும் கட்டங்களாக உடைவதைவிட அது மேல்.

எச்.264 போன்ற புதிய முறைகள் ஏறத்தாழப் பாதி இடத்திலேயே இதே தரத்தைத் தரும். ஆனால் பழைய டி.வி.டி. கருவிக்குத் தெரிந்த மொழி எம்பெக்-2 போன்ற பழைய முறைகளே. பார்ப்பவரிடம் உள்ள கருவியை அறிந்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கும் ஒரு பாடம் கற்றோம். நல்ல விளக்கொளி வேண்டும். கேமரா ஆடாமல் முக்காலியில் நிற்க வேண்டும். பின்திரையில் மின்னும் ஜிகினாத் தோரணங்களைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மினுக்கும் குழந்தைகளின் முகத்திற்குரிய பங்கைத் திருடிக்கொள்கிறது!

முடிவுரை

இரண்டாம் தட்டை எடுத்துச் சென்றோம். இம்முறை கணிப்பொறியில் பார்த்ததோடு நில்லாமல், தொலைக்காட்சியிலும் போட்டுச் சரிபார்த்தபின்னரே கொடுத்தோம். கோலாட்டம் வந்தது. சிஸ்டர் சற்று முன்னால் சாய்ந்தார். "மூன்றாவதாக நிற்பவள் நம் பழைய மாணவியின் மகளல்லவா? அம்மாவின் சிரிப்பு அப்படியே இருக்கிறது" என்றார். நமக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்?

தோழியரே! தட்டின் அளவு மாறவில்லை. அதே 4.7 ஜி.பி.தான். திரை மூடிக் கிடந்த நேரத்திற்குச் செலவிட்டதை மீட்டு, முகங்களுக்குக் கொடுத்தோம், அவ்வளவே. நமக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரமே வழங்கப்பட்டிருக்கிறது. அதில் எதை வெட்டுவது, எதற்கு மிகுதியாகக் கொடுப்பது என்று முன்கூட்டியே கணக்கிட்டு வாழக் கற்போமாக!