ஃபில்டருக்குள் ஒரு மினுமினுப்பு



செஸ்னா 172 போன்ற சிறு விமானங்கள் பலவற்றில் ஓடுவது லைகமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின். பொதுவாக 2,000 மணி நேரம் ஓடிய பிறகு முழு ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதற்கு முன்பே உள்ளே தேய்மானம் தொடங்கினால், பெரும்பாலும் ஆயில் ஃபில்டர்தான் காட்டிக் கொடுக்கும்.

ஏறத்தாழ 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்படும். கழற்றிய ஃபில்டரை மெக்கானிக் எறிந்துவிடுவதில்லை. தகர உறையை வட்டமாக வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மின்னும் துகள் விரலால் நசுக்கும்போது பொடியானால் அது வெறும் கரி. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. அப்போது, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் அதை ஒட்டி இயங்கும் டாப்பெட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒட்டாத வெள்ளைத் துகள் அலுமினியமாக இருந்தால், பிஸ்டன் பக்கம் தேட வேண்டும்.

லைகமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் சும்மா நின்றால் அதன்மேல் படிந்த ஆயில் வடிந்துவிடும்; ஈரம் துருவாகும்; துரு குழியாகும்; பிறகு ஓடும்போது உலோகம் செதில் செதிலாகப் பெயரும். பறந்து தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம்.

சிலிண்டர்களுக்குத் தனிச் சோதனை உண்டு. ஒருவர் ப்ரொப்பெல்லரை இறுகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார். சிலிண்டரில் எவ்வளவு நிற்கிறது என்பதை மீட்டர் காட்டும். 60-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் 'உஸ்' என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

ஃபில்டரில் கண்ட துகள்கள் சிலவே என்றால் குறைந்த நேரம் ஓட்டி, புது ஃபில்டரையும் வெட்டிப் பார்ப்பது வழக்கம். பெருகினால் எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். கேம்ஷாஃப்ட்டை மாற்ற எஞ்சினின் உடலான கிராங்க்கேஸையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால் செலவு ஓவர்ஹாலை நெருங்கிவிடும். ப்ரொப்பெல்லர் தரையில் மோதினால், வெளியே சேதம் தெரியாவிட்டாலும், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதே முறை.

பறக்கும்போது ஆயில் அழுத்தம் இறங்கி வெப்பம் ஏறினால், விமானி அருகிலுள்ள ஓடுதளத்தில் உடனே இறங்கிவிட வேண்டும்.

துருவைத் தடுக்க, மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் பறந்து ஆயிலை நன்கு சூடேற்ற வேண்டும். தரையில் நிறுத்தி ஓட்டினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை.